கோதண்டபாணியின் மந்திரமும் மேற்குக்கோடிக் குதிரைப்படையும்

மேற்குக்கோடிக் குதிரைப்படை நான்கு நாட்களாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. சண்டை போட்டுத் தோற்றிருந்தால் கலாவதிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. சண்டையே போடாமல் தோற்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கலாவதிக்குப் பதினொரு வயது. காஞ்சிபுரத்து நெசவாளர் தெரு ஒன்றின் மேற்குக் கோடியில் அவள் வீடு. அது 1971-ஆம் ஆண்டு மே மாதம். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. வேகவதி ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வெறும் மணல். யுத்தம் நடத்த இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

தெருவின் கிழக்குக் கோடிப் பிள்ளைகள் ஒரு படை. மேற்குக் கோடிப் பிள்ளைகள் இன்னொரு படை. மணலில் ஆளுக்கொரு கொடி நட்டுக்கொண்டார்கள். எதிரியின் கொடியை யார் முதலில் பிடுங்குகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. எதிரி வந்து முதுகில் தட்டிவிட்டால் செத்ததாகக் கணக்கு. செத்தவர் சண்டை முடியும்வரை ஓரமாக உட்கார வேண்டும். ஆனால் கவசம் போட்டிருப்பவரை இரண்டு முறை தட்டினால்தான் சாவார்.

அந்தக் கவசம் கலாவதியின் கண்டுபிடிப்பு. புடவைக் கரையில் மயிலும் மாங்காயும் விழுவதற்காகத் தறியின் மேலே ஓட்டை போட்ட நீள அட்டைகளை மாட்டுவார்கள். பழைய டிசைன் அட்டைகள் அவர்கள் வீட்டுப் பரணில் மூட்டையாகக் கிடந்தன. அப்பாவிடம் நச்சரித்து அவற்றை வாங்கி, ஆளுக்குப் பதினெட்டு அட்டைகளைக் கயிற்றில் கோத்து, மார்புக்கும் முதுகுக்கும் தொங்கவிட்டாள். தலைக்கு அலுமினியச் சட்டி. குதிரைக்கு மூங்கில் கழி. கழியின் நுனியில் தேங்காய் நாரால் பிடரி. எட்டுப் பேர் வரிசையாக நின்றபோது அது உண்மையான படை மாதிரியே இருந்தது. படையிலேயே சின்னவளான எல்லம்மாளுக்கு மட்டும் கவசம் முழங்கால் வரை தொங்கியது.

முதல் நாள் கலாவதி கையை உயர்த்தினாள். "தாக்கு!"

எட்டுக் குதிரைகளும் சளக் சளக் என்று பாய்ந்தன. பாதி மணலைத் தாண்டியிருக்க மாட்டார்கள். எதிரிக் கொடியின் பக்கத்தில், ஒரு பழைய போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கோதண்டபாணி நின்றிருந்தான். கிழக்குக்கோடிக்காரன். கலாவதியின் வகுப்பு. அவன் ஒரு கையை நீட்டினான்.

"உங்க கவசம் எல்லாம் சூடாயிடுச்சு!" என்றான்.

குதிரைகள் நின்றன.

"இன்னாது?" என்றாள் கலாவதி.

"நான் மந்திரவாதி. மந்திரம் போட்டுட்டேன். கவசம் தோசைக்கல்லு மாதிரி காயுது. உள்ள நீங்க வெந்துக்கினு இருக்கிறீங்க. எல்லாரும் அவுட்டு."

"உன்னை யாருடா மந்திரவாதி ஆக்கினது?"

"மந்திரவாதியை யாரும் ஆக்க மாட்டாங்க. அவனா ஆவான்."

கலாவதி பதில் சொல்வதற்குள் அவள் படைவீரன் குமாரசாமி, "ஐயோ, வேகுதே! வேகுதே!" என்று மணலில் உருள ஆரம்பித்துவிட்டான். குமாரசாமிக்குச் சாவது என்றால் கொள்ளை ஆசை. சாகச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடவே மாட்டான்.

"எழுந்திருடா!" என்று கலாவதி அவனை உலுக்கினாள்.

"முடியாது. நான் வெந்துட்டேன்" என்றான் குமாரசாமி கண்ணை மூடியபடியே.

இரண்டாம் நாள் மேற்குக்கோடிப் படை கவசம் இல்லாமல் வந்தது. 'இப்போது எதைச் சூடாக்குவான், பார்க்கலாம்' என்று கலாவதி நினைத்தாள்.

கோதண்டபாணி எதையும் சூடாக்கவில்லை. "தரையெல்லாம் சேறாயிடுச்சு. குதிரை முட்டி வரைக்கும் மாட்டிக்கிச்சு" என்றான்.

"ஆத்துல தண்ணியே இல்லியேடா! சேறு எங்கேருந்து வரும்?"

"இது மந்திரச் சேறு. இதுக்குத் தண்ணி வேணாம்."

மூன்றாம் நாள் எட்டுப் பேரும் எட்டுத் திசையிலிருந்து வந்தார்கள். எட்டு இடத்திலும் சேறு பண்ண முடியாது அல்லவா? அவன் குதிரைகளைத் தூங்க வைத்தான். கலாவதி அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

"எங்க குதிரைக்கெல்லாம் காதுல பஞ்சு வெச்சிருக்கோம். உன் மந்திரம் அதுக்குக் கேக்காது!" என்று கத்தினாள். உண்மையாகவே ஒவ்வொரு கழியிலும் பஞ்சு கட்டியிருந்தாள்.

கோதண்டபாணி கொஞ்சம் யோசித்தான். "இது வாசனை மந்திரம். மூக்கு வழியா போவும்" என்றான்.

நான்காம் நாள் கலாவதி குதிரைகளின் காது, மூக்கு, கண் எல்லாவற்றையும் துணியால் சுற்றிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து அதே வேலை. விரல் நுனியெல்லாம் வலித்தது.

கோதண்டபாணி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். "இன்னா கலாவதி, குதிரைக்கு எல்லாத்தையும் மூடிட்டியா?"

"மூடிட்டேன்!"

"மூக்கு, வாய் எல்லாம்?"

"எல்லாம்!"

"அப்போ அது எப்படி மூச்சு விடும்? செத்துப்போச்சு. நான் ஒண்ணுமே பண்ணலபா. நீயே கொன்னுட்ட."

கலாவதி கழியைத் தூக்கி மணலில் வீசினாள். சட்டியையும் கழற்றி வீசினாள். "அழுகுணி! இது அழுகுணி ஆட்டம்! உன்கூட நான் காய்!" என்று கத்திவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். குமாரசாமி மட்டும் இரண்டு நிமிடம் செத்துக் கிடந்துவிட்டுப் பிறகு எழுந்து போனான்.

வீட்டில் அப்பா குப்புசாமி தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்.

"நைனா, ஒருத்தன் இன்னா சொன்னாலும் நடந்துடும்னு சொல்றான். அவனை எப்படி ஜெயிக்கிறது?"

"யாரு, உங்க அம்மாவா?" என்றார் அப்பா, நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளியபடி.

"ஐயோ நைனா! மந்திரவாதி!"

"மந்திரவாதியா? மரத்துல கட்டிப் போடு."

அவ்வளவுதான். அவர் மறுபடியும் நெய்ய ஆரம்பித்துவிட்டார். பெரியவர்களிடம் கேட்டதே தப்பு என்று கலாவதி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேற்குக்கோடியிலிருந்து யாரும் ஆற்றுக்குப் போகவில்லை. கலாவதியும் போயிருக்க மாட்டாள். ஆனால் பத்து மணிக்கு அம்மா காமாட்சியம்மாள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"கலாவதி! அலுமினியச் சட்டி எங்கடி?"

கலாவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யுத்தத்துல இருக்குதுமா."

"யுத்தத்துல இருக்குதா? நல்லாயிருக்குது! கீரையை எதுல கடையறது, உன் தலையிலயா? ஓடிப்போய் எடுத்துக்கினு வா!"

ஆற்றங்கரைக்குப் போனபோது, கரையோரப் புங்கமர நிழலில் கிழக்குக்கோடிப் பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருப்பதைக் கலாவதி பார்த்தாள். அந்தப் படையின் தளபதி தர்மனும் அங்கேதான் இருந்தான். பன்னிரண்டு வயது. நெட்டையன்.

"உங்க யுத்தம் இன்னா ஆச்சு? நாலு நாளா நீங்கதானே ஜெயிச்சீங்க?" என்று கேட்டாள் கலாவதி. குரலில் கொஞ்சம் காரம் இருந்தது.

தர்மன் கோலியை உருட்டிவிட்டு அலுத்துக்கொண்டான். "எங்க ஜெயிச்சோம்? அவன் ஜெயிச்சான். நாங்க குதிரையைப் பிடிச்சுக்கினு சும்மா நின்னோம். அவன் கையை நீட்டுறான், சண்டை முடிஞ்சுபோவுது. நாலு நாள்ல நான் ஒரு அடிகூட ஓடலபா. உங்களைப் பாத்து நாங்களும் கவசம் கட்டிக்கினோம், தெரியுமா? ஒருத்தரும் அதைத் தட்டிக்கூடப் பாக்கல."

"அவன்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேனே. 'பேசினா உன்னையும் தவளையாக்கிடுவேன்'னான். நான் கோலி ஆட வந்துட்டேன்."

ஜெயித்தவர்களுக்கும் அலுத்துப்போகும் என்று கலாவதி நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் மணலில் இறங்கினாள்.

ஆற்றின் நடுவில் கோதண்டபாணி தன்னந்தனியாக நின்றான். தோளில் அதே போர்வை. எதிரில் சலவைக்காரர் வீட்டுக் கழுதை ஒன்று நின்றது. அவன் கழுதையை நோக்கிக் கையை நீட்டி, "கல்லாப் போ!" என்றான்.

கழுதை அசையாமல் நின்றது.

கலாவதியால் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னா, கழுதையை ஜெயிச்சிட்டியா?"

கோதண்டபாணி திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "அது முன்னாடியே நின்னுக்கினுதான் இருந்துச்சு" என்றான்.

கலாவதிக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கத் தோன்றவில்லை. சட்டியை மணலிலிருந்து எடுத்துத் தட்டினாள்.

"ஏன்டா இப்படிப் பண்ற? நீ ஏன் குதிரைப்படையில சேரல?"

"சேர்ந்தேனே. யுத்தத்துக்கு முந்தின நாள் நாம எல்லாரும் ஓடிப் பாக்கலியா?"

கலாவதிக்கு நினைவு வந்தது. அன்று கோதண்டபாணியும் கவசம் கட்டிக்கொண்டு ஓடினான். அவன் கொஞ்சம் குண்டு. கழி காலுக்குள் சிக்கி, குப்புற விழுந்தான். கயிறு அறுந்து அட்டைகள் எல்லாம் நாலா பக்கமும் பறந்தன. இரண்டு தெருக்கோடியும் சேர்ந்து சிரித்தது.

"நான் ஓடினா எல்லாரும் சிரிக்கிறீங்க. மந்திரம் போட்டா யாரும் சிரிக்கல" என்றான் கோதண்டபாணி.

"நானும் சிரிச்சேன், இல்ல?"

"நீதான் ஜாஸ்தி சிரிச்ச. உக்காந்து சிரிச்ச."

கலாவதி சட்டியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் விழுந்து, எல்லாரும் சிரித்திருந்தால்? சிரித்தவர்களை எல்லாம் நிச்சயம் மண்ணைக் கவ்வ வைத்திருப்பாள். அதற்கு ஒரு மந்திரம் இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பாள்.

"சரி, நான் சிரிச்சது தப்பு" என்றாள். "இப்போ கேளு. உன் மந்திரம் எவ்ளோ நீளம்?"

"நீளமா? மந்திரத்துக்கு இன்னா நீளம்?"

"ஒரு முழப் பட்டு நெய்யவே எங்க நைனா எத்தினி வாட்டி நாடா தள்றாரு! நீ எட்டுக் குதிரையை ஒரே வார்த்தையில காலி பண்ற. அவ்ளோ பெரிய வேலைக்கு இத்துனூண்டு மந்திரமா? இது சின்னப் பசங்க மந்திரம். பெரிய மந்திரவாதிங்க எல்லாம் நீளமா சொல்வாங்க."

கோதண்டபாணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கும் நீளமா சொல்லத் தெரியும்!"

"சொல்லு, பாப்போம். ஒரு எழுத்துகூடத் தடுக்கக் கூடாது."

இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். மந்திரத்தை உண்டாக்க ஒரு மணி நேரம் ஆனது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் அதைவிடக் கடினமாக இன்னொன்று சேர்த்தாள். புடவையில் விழும் சின்னப் பூவுக்குப் புட்டா என்று பெயர். அந்தப் பூவை வைத்து மந்திரம் இப்படி வந்தது:

"எட்டுத் தறியில் பட்டுப் புட்டா,
பட்டுப் புட்டா எட்டுப் புட்டா,
எட்டுப் புட்டா விட்டுப் போனா
கட்டுப் பட்டுக் கல்லாப் போ!"

சட்டங்களும் அங்கேயே தயாராயின. மந்திரவாதி கொடிக்குப் பக்கத்தில் கோடு கிழித்த வட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும். யாரையாவது விரலால் சுட்டிக்கொண்டு முழு மந்திரத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். தடுக்கினால் முதலிலிருந்து. ஒரு மந்திரம் ஒரு ஆளுக்கு. அந்த ஆளை ஒட்டி யாராவது நின்றிருந்தால் அவர்களும் கல். கல்லானவர் அசையாமல் நின்று நூறு எண்ண வேண்டும்.

"நான் தடுக்கினா யாரும் சிரிக்கக் கூடாது. அதையும் சட்டத்துல சேரு" என்றான் கோதண்டபாணி.

கலாவதி யோசித்தாள். "சிரிப்பு வந்துடும்பா. இந்த மந்திரமே அப்படி. ஆனா எல்லாரும் ஒரு வாட்டி சொல்லிப் பாக்கணும்னு சட்டம் வெச்சிடலாம். அப்போ எல்லாரும் தடுக்குவாங்க. நீயும் சிரிக்கலாம்."

"சரி, பழம்" என்று அவன் இரண்டு விரலை நீட்டினான். அவளும் நீட்டித் தொட்டாள்.

சட்டியோடு அவள் வீடு திரும்பியபோது கீரை ஆறிப்போயிருந்தது. காமாட்சியம்மாள் அரை மணி நேரம் திட்டினாள். அதை இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் காலை இரண்டு படைகளையும் கூட்டுவது பெரும்பாடாகிவிட்டது. "மந்திரவாதி இருந்தா நான் வர மாட்டேன்" என்றான் ஒருவன். "கோலி முடியட்டும்" என்றான் இன்னொருவன். "கல்லைத் தட்டினா சாகுமா?" என்று கேட்டான் குமாரசாமி. "சாகாது. கை வலிக்கும்" என்றான் தர்மன். குமாரசாமிக்கு அது பெரிய ஏமாற்றம்.

பிறகு எல்லாரும் வரிசையாக மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தார்கள். தர்மன் இரண்டாம் வரியில் விழுந்தான். கலாவதி மூன்றாம் வரியில் விழுந்தாள். குமாரசாமி, "எட்டுத் தறியில் புட்டுப் பட்டா" என்று ஆரம்பித்தான். எல்லாருக்கும் வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. "எனக்குப் பசிக்குதுபா, அதான்" என்றான் குமாரசாமி.

கடைசியாகக் கோதண்டபாணி சொன்னான். நான்கு வரியும் தறியில் நாடா ஓடுகிற மாதிரி தடங்கலில்லாமல் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. தர்மன் வாயைப் பிளந்தான்.

"இன்னொரு வாட்டி சொல்லு!" என்றாள் எல்லம்மாள்.

இன்னும் வேகமாகச் சொன்னான்.

கலாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. 'ஐயோ, நானே இவனுக்கு வாள் தீட்டிக் கொடுத்துவிட்டேனே!'

அவள் பயந்தது சரிதான். அன்றைய முதல் சண்டையில் மேற்குக்கோடிப் படை தோளோடு தோள் உரசிப் பாய்ந்தது. படை என்றால் அப்படித்தானே பாய வேண்டும்? கோதண்டபாணி நடுவில் ஓடிய கலாவதியைச் சுட்டினான். மந்திரம் முடிந்தது. ஒட்டி ஓடிய எட்டுப் பேரும் ஒரே அடியில் கல். அவர்கள் நூறு எண்ணி முடிப்பதற்குள் தர்மன் நிதானமாக நடந்துபோய்க் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

இரண்டாவது சண்டையில் பிரிந்து பிரிந்து ஓடினார்கள். ஆனால் மணலில் கவசம் கனத்தது. பதினெட்டு அட்டைகளும் தொடையில் அடித்தன. குனிய முடியவில்லை, திரும்ப முடியவில்லை. ஒவ்வொருவராகக் கல்லாக்குவதற்கு அவனுக்கு வேண்டிய நேரம் கிடைத்தது.

"அக்கா, அவனை மந்திரவாதி ஆக்கினது நீதானா?" என்று கேட்டான் குமாரசாமி, மூச்சு வாங்கியபடி.

"வாயை மூடுடா!" என்றாள் கலாவதி.

அவள் தன் படையை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். இப்போது யார்மேலும் கோபம் கொள்ள முடியாது. சட்டம் அவள் போட்டது. அந்த எரிச்சலோடுதான் யோசித்தாள். அவன் யாரை முதலில் சுட்டுகிறான்? எப்போதும் அவளைத்தான். ஏன்? அவள்தான் முன்னால் ஓடுகிறாள். அவள்தான் கத்துகிறாள். அவள் கவசம்தான் அதிகமாகச் சத்தம் போடுகிறது.

சத்தம் போடாத குதிரை ஒன்று இருந்தால்?

"எல்லம்மா, உன் கவசத்தைக் கழட்டு" என்றாள்.

எட்டு வயது எல்லம்மாளுக்கு உதடு பிதுங்கிவிட்டது. "மாட்டேன்! எனக்கும் கவசம் வேணும்! ஒரு தட்டுத் தட்டினா நான் செத்துடுவேன்கா!"

"செத்துடுவதான். அதனால யாரும் உன்னைத் தட்டாம ஓடணும். நம்ம படையிலேயே வேகமா ஓடுறது யாரு?"

எல்லம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "நான்தான்."

"அங்க பாரு, கரையோரமா வேட்டி காயப் போட்டிருக்காங்களே. அதுக்குப் பின்னாடியே போ. சத்தம் போடாத. நாங்க எல்லாரும் முன்னாடி வந்து கத்துவோம். அவன் எங்களைக் கல்லாக்கட்டும். ஒரு கல்லுக்கு ஒரு மந்திரம். எங்களை எல்லாம் முடிக்கிறதுக்குள்ள நீ கொடிகிட்ட போயிடணும்."

"அப்போ நீங்கல்லாம் தோக்கறதுக்குன்னே வருவீங்களா?" என்று கேட்டாள் எல்லம்மாள்.

"கவசம் எதுக்கு இருக்குது பின்ன?" என்றாள் கலாவதி.

எல்லம்மாள் கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு தன் மூங்கில் குதிரையையும் பார்த்தாள். "இதை எடுத்துக்கினு போகலாம் இல்ல?" என்றாள். "குதிரை இல்லாம எப்படி? எடுத்துக்கோ" என்றாள் கலாவதி.

மூன்றாவது சண்டை தொடங்கியது.

இந்த முறை மேற்குக்கோடிப் படை ஒருவருக்கொருவர் பத்தடி தள்ளி நின்று பாய்ந்தது. ஏழு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அட்டைகள் சளக் சளக் என்றன. குமாரசாமி தன் சட்டியைக் கழியால் தட்டிக்கொண்டே ஓடினான். இதைப் பார்த்த தர்மனுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஐந்து நாட்களுக்குப் பிறகு முதல்முறையாக அவன் தன் படையோடு எதிரே பாய்ந்து வந்தான். மணல் பறந்தது. யாரோ கலாவதியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்கள். கவசம் தாங்கியது. அவள் திரும்பி அவனை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எட்டுத் தறியில் பட்டுப் புட்டா..." வட்டத்துக்குள்ளிருந்து மந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவன் கல். மந்திரம் மறுபடியும் ஓடியது. இன்னொருவன் கல். குமாரசாமி ஒற்றைக் காலைத் தூக்கியபடி கல்லாகிவிட்டு, அப்படியே ஆடிக்கொண்டிருந்தான். மூன்று, நான்கு, ஐந்து. கோதண்டபாணியின் முகம் சிவந்து வியர்வை வழிந்தது. ஆனால் ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை. கல்லாகி நின்றவர்களே அவனை ஆச்சரியத்தோடு பார்த்தார்கள்.

ஆறாவது ஆளை தர்மன் தட்டிச் சாய்த்துவிட்டான். மீதி இருந்தவள் கலாவதி மட்டும்தான். கொடிக்கு இன்னும் பதினைந்து அடி.

கோதண்டபாணியின் விரல் அவள் பக்கம் திரும்பியது. "எட்டுத் தறியில் பட்டுப் புட்டா, பட்டுப் புட்டா எட்டுப் புட்டா..."

அப்போதுதான் தர்மன் அலறினான். "டேய்! பின்னாடி! பின்னாடி பாரு!"

காய்ந்துகொண்டிருந்த வேட்டிகளுக்கு நடுவிலிருந்து எல்லம்மாள் வெளியே வந்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் ஓடி வந்தாள்.

கோதண்டபாணி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். மந்திரத்தைப் பாதியில் விட்டால் கலாவதி கொடியைப் பிடுங்கிவிடுவாள். விடாவிட்டால் எல்லம்மாள் வந்துவிடுவாள். ஒரு நொடி அவன் உதடு தவித்தது. பிறகு முடித்தான். "எட்டுப் புட்டா விட்டுப் போனா, கட்டுப் பட்டுக் கல்லாப் போ!"

கலாவதி நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி. கொடிக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

கோதண்டபாணி சட்டென்று எல்லம்மாள் பக்கம் திரும்பினான். அன்று அவன் சொன்னதிலேயே வேகமான மந்திரம் அதுதான். "எட்டுத்தறியில்பட்டுப்புட்டாபட்டுப்புட்டாஎட்டுப்புட்டா..." தர்மன் இன்னொரு பக்கத்திலிருந்து கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். அவன் கை எல்லம்மாளின் பின்னலை உரசியது. முதுகில் படவில்லை.

"...கட்டுப் பட்டுக் கல்லாப்..."

கொடி எல்லம்மாளின் கையில் இருந்தது.

செத்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடி வந்தார்கள். கல்லானவர்களும் எண்ணிக்கையை மறந்து ஓடி வந்தார்கள். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை பாக்கி!" என்று தர்மன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னொரு சண்டை! இப்பவே! எங்க பக்கமும் ஒருத்தரைக் கவசம் இல்லாம அனுப்பப் போறோம்!" என்றான். "எங்களுக்கும் ஒரு மந்திரவாதி வேணும்!" என்று மேற்குக்கோடியிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லம்மாள் கொடியைத் தலைக்குமேல் சுற்றியபடி மூங்கில் குதிரையில் மணல் முழுக்கப் பறந்தாள்.

கலாவதி மட்டும் நீட்டிய கையோடு நின்றிருந்தாள். முப்பத்தாறு. முப்பத்தேழு. கட்டெறும்பு ஒன்று அவள் கால் விரலில் ஏறி, கணுக்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கோதண்டபாணி வட்டத்தை விட்டு அவள் முன்னால் வந்தான். "ஜெயிச்சுட்டீங்கபா. போதும், அசையலாம்."

அவள் அசையவில்லை. சட்டம் போட்டவளே சட்டத்தை மீறினால் நாளைக்கு யார் கேட்பார்கள்? நாற்பத்தொன்று.

"என் மந்திரம் எப்படி?" என்று கேட்டான்.

கல் பேசக் கூடாது. கண்ணை மட்டும் அகல விரித்து உருட்டிக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. காது வரை சிரித்தான். போர்வையை மணலில் விரித்து அவள் எதிரில் உட்கார்ந்து, "எங்க இருக்க, அம்பதா? நானும் எண்றேன். அம்பத்தொண்ணு, அம்பத்திரெண்டு..." என்று உரக்க எண்ண ஆரம்பித்தான். அவன் குரலைக் கேட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்று எண்ணினார்கள். எறும்பு முழங்காலில் ஏறியது. கலாவதியின் கண்ணில் நீர் முட்டியது.

"தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தொம்பது... நூறு!"

கல்லுக்கு உயிர் வந்தது. வந்ததும் அது செய்த முதல் வேலை, "ஐயோ, அம்மா!" என்று முழங்காலைச் சொறிந்துகொண்டதுதான்.